பிளேஆஃப் ஆட்டங்களும் ஹிப் டிராப் தடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல். பற்றி வந்த கேள்விகளிலிருந்து சில.)

சென்னை வாசகர்: ஐபிஎல் போல இங்கும் பிளேஆஃபில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா?

கிடையாது. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 32 அணிகளில் 14 நுழைகின்றன. இரு பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு. மற்றவை கோப்பைக்காக நான்கு ஆட்டங்களை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். ஜனவரியில் எலும்பு முறிந்தால் அந்தப் பருவம் அதோடு முடிந்தது.

டொராண்டோ வாசகர்: ஹிப் டிராப் என்கிறார்களே, தொலைக்காட்சியில் பார்த்தும் பிடிபடவில்லை.

துரத்துபவர் பந்தோடு ஓடுபவரை இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்கிறார். இதுவரை குற்றமில்லை. பிறகு தன் இடுப்பைத் திருப்பி, கால்களைத் தளரவிட்டு, முழு எடையோடு அவருடைய முழங்காலுக்குக் கீழே விழுந்து காலைச் சிக்கவைக்கிறார். பாதம் புல்லில் ஊன்றியிருக்கும். மேலே ஓர் ஆள் எடை. எது நொறுங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜனவரி 22 அன்று சாண்டா கிளாராவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். டாலஸின் டோனி பொல்லார்ட் பந்தைப் பிடித்து ஓடுகிறார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜிம்மி வார்ட் இப்படித்தான் விழுகிறார். பொல்லார்டின் ஃபிபுலா (முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பு) முறிந்து, அறுவை சிகிச்சை வரை போனது. டாலஸ் 12–19 என்று தோற்றது. அன்றைய விதிப்படி அது தவறே அல்ல.

அதே வாசகர்: தடை எப்போது வந்தது?

2024 மார்ச்சில், அணி உரிமையாளர்களின் வாக்கெடுப்பில். தண்டனையாக எதிரணிக்கு 15 கெஜ முன்னேற்றமும் தானாகவே ஒரு ஃபர்ஸ்ட் டவுனும் (பந்தை முன்னேற்றப் புதிதாக நான்கு முயற்சிகள்) கிடைக்கும். வீரர்கள் சங்கம் எதிர்த்தது.

கோவை வாசகர்: வீரர்களைக் காக்கும் விதியை வீரர்கள் சங்கமே எதிர்ப்பதா?

தடுப்பவர் நிலையில் நின்று பாருங்கள். 2005 முதல் ஓடுபவரின் கழுத்துப்பட்டைக்குள் கைவிட்டுப் பின்னால் இழுத்து வீழ்த்தக் கூடாது. 2018 முதல் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதக் கூடாது. தன்னைவிடக் கனமான ஒருவரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தவருக்கு மிச்சமிருந்த வழி இதுதான் என்கிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கால் முறிந்தவரும் அதே சங்கத்தில் சந்தா கட்டுபவர்தானே!

டாலஸ் வாசகர்: விதி இருக்கிறது, தவறைக் காட்ட நடுவர்கள் கொடியை வீசுவதே அபூர்வமாக இருக்கிறதே?

என் ஆத்திரமும் அதுதான். பிடி, திருப்பம், விழுதல் மூன்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், கடினம்தான். அதனால் லீக் பிறகு காணொளியைப் பார்த்து அபராதக் கடிதம் அனுப்புகிறது. வழக்கமான பருவத்துக்கு அது போதும். பிளேஆஃபில் கடிதம் போய்ச் சேர்வதற்குள் காயம்பட்ட அணி வெளியேறியிருக்கும். அபராதத்தால் அவர்களுக்கு என்ன லாபம்?

மைதானத்திலேயே விழும் கொடிக்கு எவ்வளவு வலிமை என்பதை 2023 ஜனவரி 29 காட்டியது. முந்தைய வாரம் கணுக்கால் பிசகிய கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் நொண்டியபடி ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். அதன் பிறகு சின்சினாட்டியின் ஜோசஃப் ஒசாய் அவரைத் தள்ளினார்; அது தவறு என்று கொடி விழுந்தது. மீதி 8 விநாடி. 15 கெஜம் முன்னேறிய கான்சாஸ் சிட்டி, 45 கெஜத்திலிருந்து பந்தை உதைத்து 23–20 என்று வென்று இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குப் போனது. பெஞ்சில் அழுத ஒசாயைப் பார்த்த எந்தத் தடுப்பாட்டக்காரரும் அந்தத் தவறைச் செய்யத் தயங்குவார். பிளேஆஃபிலாவது ஹிப் டிராப்புக்குக் காணொளி நடுவரே கொடி காட்ட அனுமதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மதுரை வாசகர்: இவ்வளவு ஜாக்கிரதையாக ஆடினால் ஜெயிக்க முடியுமா?

சியாட்டில் ஜெயித்ததே! அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரல் ரக்பியிலிருந்து தோள் டேக்கிளை (ஓடுபவரைத் தோளால் மோதிப் பிடித்து வீழ்த்துவதை) எடுத்துக்கொண்டார். தலையை ஒதுக்கி வைத்து, தோளால் தொடையில் இடித்து, கைகளால் இறுக்குவது. 2014 பிப்ரவரி சூப்பர் பௌலில் அவரது அணி டென்வரை 43–8 என்று நசுக்கியது.

நியூ ஜெர்சி வாசகி: என் மகனுக்குப் பதினோரு வயது. சேர்க்கலாமா, ஐயா?

இப்போதைக்குக் கொடிக் கால்பந்தில் சேர்த்துவிடுங்கள், அம்மா. இடுப்பில் தொங்கும் பட்டையைப் பறித்தால் ஓட்டம் நின்றுவிடும், டேக்கிளே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறுகிறது. வளர்ந்த பிறகு டேக்கிள் ஆட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “டேக்கிள் செய்யும்போது பிள்ளைகள் தலையை எங்கே வைக்கச் சொல்லித் தருகிறீர்கள்?” சட்டென்று பதில் வராவிட்டால் வேறு அணி பாருங்கள்.