அடுத்த கை

அன்புள்ள ஐயா,

நான் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவள். வயது முப்பத்து நான்கு. சூழலுக்கு ஊறு செய்யாமல் வாழவேண்டும் என்று நான்கு ஆண்டுகளாக முயன்று வருகிறேன். மூங்கில் பல்துலக்கி, சீயக்காய், இயற்கை வேளாண்மையில் விளைந்த அரிசி, கடைக்குப் போனால் துணிப்பை என்று வீட்டு வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். போன வாரம் அலமாரியை ஒழித்தபோது முப்பத்தொரு துணிப்பைகள் இருந்தன. என் அம்மா சிரிக்கிறார். "நாங்க பேரு வைக்காமச் செஞ்சதத்தான் நீ காசு குடுத்துச் செய்யற" என்கிறார். என் கணவர் சிரிப்பதில்லை, ஆனால் ஒரு சாயப்பட்டறை ஒரே ராத்திரியில் திறந்துவிடும் கழிவுக்கு முன்னால் உன் ஆயுள் முழுக்கச் செய்யும் சிக்கனம் எந்த மூலைக்கு என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சென்ற மாதம் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனிக் கூடைகளில் போட்டுக் கொடுப்பவள் நான். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா இரண்டையும் ஒரே தொட்டியில் கவிழ்ப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய்ச் சற்றுக் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். "வண்டில ரெண்டுக்கு எடமில்ல கண்ணு, நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே நாடகமாகத் தோன்றுகிறது. இந்த வாழ்க்கைமுறை என்பது வசதியுள்ளவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குப் பூசிக்கொள்ளும் சந்தனம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள்: அம்மா, கணவர், அந்தத் தூய்மைப் பணியாளர். மூன்றாமவர் சொன்ன ஒற்றை வாக்கியம் மற்ற இருவர் சொன்னதைவிடக் கனமானது என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் அதை உங்கள் முயற்சியின் தோல்விக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அம்மாவின் பேச்சு. அவர் சொல்வது பாதி உண்மை. இலையில் சாப்பிட்டு இலையை மாட்டுக்குப் போட்டதும், சாம்பலில் பாத்திரம் தேய்த்ததும், அப்பாவின் வேட்டி குழந்தைக்குத் தூளியாகிப் பிறகு கரித்துணியானதும் நம் வீடுகளில் நடந்தவைதான். ஜவுளிக்கடை மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறியவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த நாமே, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் பழைய வீட்டின் பின்வாசலையும் நாம் பார்க்கவேண்டும். கொல்லைப்புறத்தில் ஒரு சந்து இருக்கும். எடுப்புக் கக்கூசுக்கு வருகிறவர்கள் வீட்டாரின் கண்ணில் படாமல் வந்துபோவதற்கான வழி அது. குறைவாக வாங்கி, எதையும் வீணாக்காமல் வாழ்ந்த அதே குடும்பம், தன் மலத்தை இன்னொரு மனிதர் தலையில் ஏற்றிவிடுவதில் எந்தக் கூச்சமும் அடையவில்லை. மண்ணுக்குச் சுமையில்லாத அந்த வாழ்க்கையின் முழுச்சுமையும் ஒரு சாதியின் மீது இருந்தது. அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் உள்ளடக்கிய விரிவான சட்டத்துக்கு 2013வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதே நீதிமன்றம் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்த நேர்ந்தது என்றால் சாவுகள் நிற்கவில்லை என்றுதானே பொருள். ஆகவே, பழங்காலத்துக்குத் திரும்பினால் போதும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சூழலுக்கு இணக்கமாக வாழ்வதும் சக மனிதருக்குப் பொறுப்பாக வாழ்வதும் ஒன்றையொன்று விட்டு நடக்கக்கூடியவை என்பதற்கு நம் பாட்டன் வீட்டுப் பின்சந்தே சாட்சி.

இதை நான் ஒழுக்கசீலனாக நின்று எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் உடைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றை, காய்கறித் தோலோடு சேர்த்துப் பையில் கட்டி வாசலில் வைத்தவன் நான்தான். எங்கள் தெருவுக்கு வரும் பெண்மணி அப்போது கையுறை இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, அவர் உள்ளங்கையில் மஞ்சள் தடவிய துணிக்கட்டு இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "உங்க பையிலிருந்ததுதானுங்க" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை என்பதுதான் என்னைக் குன்ற வைத்தது. அதன்பிறகு எந்த வீட்டுப் பையையும் தூக்குமுன் காலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. நான் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுதி வைக்கத் தொடங்கினேன். இரண்டாம் தடவை அப்படி வைத்தபோது அவர் அழைப்புமணியை அடித்து, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, செவப்பா ஏதாச்சும் துணி கட்டி வெச்சிருங்க, போதும்" என்றார். என் பழைய சிவப்புத் துண்டு ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஆணியில் மாட்டி வைத்தேன். இன்றும் அப்படித்தான். அவர் ஓய்வு பெற்று இப்போது வேறொருவர் வருகிறார். அவர் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், இருந்தும் சிவப்புத் துணியே நல்லது, விடியற்காலை இருட்டில் எழுத்து தெரியாது என்கிறார்.

குப்பையை எப்படிக் கொடுக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெண்மணிதான். உங்கள் தெருவுக்கு வருபவரும் ஒரு தகவலைச் சொல்லியிருக்கிறார்: வண்டியில் இடமில்லை. அவர் அலட்சியத்தால் கலக்கவில்லை, கொடுக்கப்பட்ட வண்டி அப்படி. திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டாருக்கு விதித்ததோடு, பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிச் செல்லும் கடமையை உள்ளாட்சி அமைப்புக்கும் விதித்திருக்கின்றன. உங்கள் பாதியை நீங்கள் செய்துவிட்டீர்கள். மறுபாதியைக் கேட்கவேண்டிய இடம் அந்த அம்மா அல்லர். நீங்கள் குரலை உயர்த்தியது ஆள் மாறிப்போனது, அவ்வளவுதான்.

அவரிடம் மறுபடி போய், அன்று பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு, வண்டியில் என்ன மாற்றம் செய்தால் பிரித்து எடுத்துப்போக முடியும் என்று கேளுங்கள். தொட்டிக்கு நடுவே ஒரு தடுப்பா, பக்கத்தில் மாட்டும் சாக்கா, அல்லது மக்காத குப்பையை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாங்கினால் போதுமா என்பது வண்டி தள்ளுகிறவருக்குத் தெரிந்த அளவு பொறியாளருக்குத் தெரியாது. பிறகு தெருவில் பத்து வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022இல் வந்துவிட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. அங்கே போய் உட்காரும் மென்பொருள் ஊழியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூங்கில் பல்துலக்கியை இணையத்தில் தேடி வாங்குவது அதைவிடச் சுலபம், நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கவேண்டிய கூச்சமும் இல்லை.

இனி உங்கள் கணவரின் கேள்வி. சாயப்பட்டறை என்று அவர் சொன்னதால் நொய்யலைப் பற்றியே பேசலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்கவேண்டுமானால் சாயத்தொட்டியில் ஏராளமாக உப்புச் சேர்க்கவேண்டும். கழிவுநீரில் நிறத்தை ஓரளவு நீக்கிவிடலாம். கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்புக்குப் பிடிபடாது. அந்த உப்பு ஆண்டாண்டாக ஆற்றில் இறங்கியது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்காக 1992இல் அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையைத் திற என்று உழவர்கள் போராடுவது நாம் அறிந்த வழக்கம். அணையைத் திறக்காதே என்று உழவர்கள் போராடிய இடம் ஒரத்துப்பாளையம். அந்தப் பக்கத்துக் கிணற்றுநீர் மட்டுமல்லாமல் தென்னையின் இளநீரும் உப்புக் கரித்ததாகச் சொல்வார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி கோத்து வணிகம் செய்த கொடுமணல் அதே ஆற்றங்கரை ஊர்தான் என்பது நினைவுக்கு வந்தால் எனக்கு ஒருமாதிரி ஆகிவிடும்.

இதை மாற்றியது எந்த ஒரு வீட்டின் சிக்கனமும் அல்ல என்பதில் உங்கள் கணவரோடு உடன்படுகிறேன். ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அதன் விளைவாகத்தான் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் பிரித்து, எஞ்சிய உப்புக் கரைசலை வற்றவைத்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாடு திருப்பூரில் நிலைபெற்றது. அதுவும் குறையில்லாத தீர்வு அல்ல. வற்றவைக்க எரிபொருள் வேண்டும், மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் சேர்கிறது, பட்டறைகள் மூடிக்கிடந்த மாதங்களில் கூலிக்கு வந்த தொழிலாளர்கள் பிழைப்பின்றித் திரும்பினார்கள். வென்ற வழக்குக்கும் யாரோ ஓர் எளியவர் விலை கொடுத்தார்.

ஆனால் உங்கள் கணவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தப் பட்டறை ராத்திரியில் திறந்துவிட்டது யாருடைய பனியனுக்கான சாயம்? ஆலை ஒருபுறம், நீங்கள் மறுபுறம் என்று அவர் தராசில் வைக்கிறார். இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு ஜே.சி.குமரப்பா நினைவுக்கு வருகிறார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தியவர். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் கோட்டைக் கழற்றிவிட்டுக் கதர் உடுத்தி, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவர், அது எந்த நிலைமையில் செய்யப்பட்டதோ அந்த நிலைமைக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்பது அவருடைய அடிப்படையான கருத்து. தொலைதூரத்துப் பொருளின் பிறப்பு வளர்ப்பை நம்மால் விசாரிக்க முடியாது, ஆகவே விசாரிக்க முடிகிற தொலைவுக்குள் வாங்குவதே உசிதம் என்றார். தணிக்கையாளரின் புத்தி இது: வரவு எங்கிருந்து, செலவு எங்கே என்று ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பின்தொடர்ந்து போவது. என் மனம் எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். பிளாஸ்டிக்கா மூங்கிலா என்பதோடு நிற்காமல், இது எனக்கு முன் எந்தக் கையில் இருந்தது, எனக்குப் பின் எந்தக் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் சில பொருள்கள் உதிர்ந்துவிடும். மூங்கில் பல்துலக்கியின் தூரிகை பெரும்பாலும் நைலான்தான். இயற்கை அரிசி விலை கூடுதல், வாங்க முடிகிற நீங்கள் வாங்குங்கள், விளைவித்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்றும் கேளுங்கள். வாங்க முடியாதவரிடம் அதைப் பற்றிப் பேசாதிருப்பது நாகரிகம். ஆடை விஷயத்தில், இருப்பதைக் கிழியும்வரை உடுத்துவதற்கு இணையான நற்செயல் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. சமையலறைக் கழிவை மொட்டைமாடியில் மண்தொட்டியில் போட்டு மூடி, ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் காய்ந்த சருகைத் தூவி வந்தால், அந்த அம்மாவின் வண்டியில் உங்கள் வீட்டுப் பாரம் பாதியாகும், அழுகிய சோற்றை அவர் கையால் அள்ளவேண்டியும் இராது. நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம், சருகைக் கூட்டுங்கள். வெள்ளைப் புழுக்களைக் கண்டு முதல் மாதம் நான் தொட்டியையே தூக்கிப்போடப் பார்த்தேன், அவை தம் வேலையைத்தான் செய்கின்றன.

துணிப்பைகளைப் பற்றிக் கடைசியாக. பருத்திப்பை ஒன்றைச் செய்ய ஆகும் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஈடுகட்ட அதைப் பல பத்துத் தடவைகளாவது எடுத்துப்போகவேண்டும். முப்பத்தொன்றையும் நீங்கள் ஒருவர் தேய்த்துத் தீர்க்க இந்த ஆயுள் போதாது. நான்கை வைத்துக்கொண்டு மீதியை நீங்கள் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு வருபவருக்கு ஐந்து ரூபாய் ஈடு வாங்கிக்கொண்டு கொடுத்து, பை திரும்பி வந்ததும் காசைத் திருப்பித் தரட்டும். எங்கள் தெருமுனைக் கடையில் இப்படி நடக்கிறது. போன பைகளில் பாதிதான் திரும்பி வருவதாக அவர் குறைபட்டுக்கொள்கிறார். திரும்பாத ஒன்று என் வீட்டில் இருக்கிறது, நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.