வாக்குமூலத்தில் விட்டுப்போனதை எழுதுங்கள், அண்ணாச்சி

கேள்வி: 26 வருட போலீஸ் சர்வீஸில் பாதிக்கு மேல் கிரைம் டீமில் ஓடிவிட்டது. புளியரை, ஆரியங்காவு, புனலூர் என்று அலையாத இடமில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாவல் எழுதி, அதையே படமாகவும் எடுக்க ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கேஸ் டைரி மாதிரியே வருகிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, நான் பார்த்த வழக்குகளையே எழுதலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். "மேற்படி நபர் காலை சுமார் 6 மணியளவில் வீட்டை விட்டுச் சென்றவர் திரும்பி வரவில்லை" என்று ஆரம்பிக்கிறது. கேஸ் டைரிதான், சரி. ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "செருப்பு வாசலிலேயே கிடந்தது, அந்த அம்மா அதை யாரையும் தொடவிடவில்லை." எனக்கு அங்கேதான் கதை தொடங்கியது.

விசாரணையில் சாட்சிகளிடம் வாங்கும் வாக்குமூலம் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் 180) எத்தனை எழுதியிருப்பீர்கள்! ஆரியங்காவுப் பக்கத்துக்காரர் ஒருவர் "ஞான் கண்டில்ல சாரே, சத்தம் மட்டும் கேட்டுது" என்று பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லியிருப்பார், அதற்கு நடுவில் யார் முகத்தையோ பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்திருப்பார், ஸ்டேஷன் தமிழில் அது "நான் நேரில் பார்க்கவில்லை" என்று ஆகியிருக்கும். கோர்ட்டுக்கு அது போதும். உங்களுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டும். ஞாபகத்தில் நிற்கும் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பேசினபடியே பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். துரத்தலும் துப்பாக்கியும் அப்புறம் வரட்டும்.

கேரள போலீஸில் இருந்த ஷாஹி கபீர் 2018-இல் 'ஜோசஃப்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 2022-இல் முதல் படம் இயக்கியபோது அவர் எடுத்துக்கொண்ட இடம் மலையுச்சியில் தனியாக நிற்கும் ஒரு போலீஸ் வயர்லெஸ் ஸ்டேஷன். அங்கே டியூட்டி பார்க்கிறவனின் தனிமை என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ராத்திரி செக்போஸ்ட் டியூட்டியில் மழையில் நின்றவர்தானே நீங்கள்? அவரும் எழுத்தில் தொடங்கி அப்புறம்தான் இயக்கத்துக்குப் போனார் என்பதையும் கவனியுங்கள். படம் எடுக்கப் பணமும் ஆளும் வேண்டும், எழுத ஒரு நோட்டு போதும்.

பெயரை மட்டும் மாற்றினால் போதாது, இதில் நான் கறாராகவே சொல்கிறேன். ரயில்வே கேட் பக்கத்து டெய்லர் என்று எழுதினாலே செங்கோட்டையில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். ஊர், தொழில், உறவு மூன்றையும் மாற்றுங்கள். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே வருவதே குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 228ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 72-ஆம் பிரிவு. குழந்தை என்றால், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் வேறு இருக்கிறது. விசாரணை முடியாத வழக்கைத் தொடவே வேண்டாம். உங்களை நம்பி அழுதவர்கள், அண்ணாச்சி, அவர்கள் வீட்டு வாசலில் மறுபடியும் கூட்டம் கூடக் கூடாது.

விருப்ப ஓய்வுக்கு இப்போது என்ன அவசரம்? திலகவதி ஐ.பி.எஸ். வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார், 2005-இல் 'கல்மரம்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். அந்த நாவல் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது, போலீஸ் கதையே இல்லை. நீங்களும் போலீஸைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒன்றுமில்லை. வெளியிடும் முன் துறையில் அனுமதி கேட்க வேண்டுமா என்று மட்டும் உங்கள் ஆபீஸில் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செருப்புப் பக்கத்தை முழுசாக எழுதி எனக்கு அனுப்புங்கள். 'மேற்படி' என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வரக் கூடாது.