பேட்டரி காருக்குத் தண்ணீர் எப்போது ஊற்றுவது? வாசகர் கேள்வி பதில்

கோல்ஃப் மைதானத்துக்கென்று வந்த வண்டி இன்று கல்லூரி, மில், தென்னந்தோப்பு விடுதி என்று எல்லா இடத்திலும் ‘பேட்டரி கார்’ என்ற பெயரில் ஓடுகிறது. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் 48 வோல்ட் வண்டி பற்றியவை. தலா 8 வோல்ட்டில் ஆறு லெட் ஆசிட் பேட்டரி, ஒவ்வொன்றிலும் 2 வோல்ட் அறை (செல்) நான்கு, மொத்தம் 24 செல். கீழே உள்ள கணக்கெல்லாம் அதற்குத்தான்.

“தினமும் ராத்திரி மூடி வரைக்கும் தண்ணி ஊத்தித்தானுங்க சார்ஜ் போடறோம். காலையில பார்த்தா பேட்டரி மேலெல்லாம் ஈரம், டெர்மினல்ல பச்சை பூத்துக் கிடக்குது. ஓட்டமும் குறைஞ்சு போச்சு. கொஞ்சம் ஆசிட் ஊத்தினா சரியாகும்ங்கறாங்க. ஊத்தலாமுங்களா?”
– தோட்ட விடுதி நடத்தும் வாசகர், ஆனைமலை

ஆசிட் ஊற்றவே வேண்டாம். நீங்கள் தண்ணீர் ஊற்றும் நேரம்தான் தப்பு.

சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் சூடாகிறது, குமிழ் விடுகிறது, மட்டம் உயர்கிறது. முன்பே மூடி வரை நிரப்பியிருந்தால் அது பொங்கி வழியும். வழிவது வெறும் தண்ணீரல்ல, ஆசிட் கலந்த தண்ணீர். மறுநாள் அந்தக் குறையை மறுபடி தண்ணீர் கொண்டு நிரப்புகிறீர்கள். இப்படியே போனால் உள்ளே ஆசிட் நீர்த்துப்போகும், ஓட்டம் குறையும். மேலே படிந்த ஈரம் டெர்மினலுக்கு டெர்மினல் மின்சாரத்தைக் கசியவிடும். வண்டி சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்கும்.

சார்ஜ் போடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஈயத் தகடு (பிளேட்) திரவத்துக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். தெரியாவிட்டால் ஒரு சொட்டும் வேண்டாம். முழு சார்ஜ் ஆன பிறகு, மூடித் துளையிலிருந்து உள்ளே இறங்கும் குழாயின் அடிமுனைக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி நிரப்புங்கள்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரின் உப்பும் இரும்பும் பிளேட்டைக் கெடுக்கும். குடிக்க எவ்வளவு இனித்தாலும் சிறுவாணித் தண்ணீரும் பேட்டரிக்கு ஆகாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும். ஏ.சி. குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் தூசியும் செம்புத் துணுக்கும் சேரும்.

ஆசிட் ஏன் கூடாது? சார்ஜ் குறைந்த பேட்டரியில் ஆசிட்டின் ஒரு பகுதி சல்ஃபேட்டாகப் பிளேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறினால் அது திரவத்துக்குத் திரும்பிவிடும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் குறைவாகக் காட்டுகிறதே என்று ஆசிட் விட்டால், திரும்பி வருவதோடு அதுவும் சேர்ந்து செறிவு ஏறி, பாசிட்டிவ் பிளேட்டை அரித்துவிடும்.

பச்சை பூத்ததைக் கழுவ, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் ஆப்பசோடா கரைத்துக்கொள்ளுங்கள். எல்லா மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சொட்டு சோடா உள்ளே போனாலும் அந்த அளவுக்கு ஆசிட் செயலிழக்கும். நுரை நிற்கும் வரை பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, வயர் முனையில் இருக்கும் வளையத்தை (லக்) முறுக்கிய பின் வாசலின் தடவுங்கள். கையுறை, கண்ணாடி போடாமல் இறங்காதீர்கள். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கட்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

“ரெண்டு வண்டியையும் குடோனில் விட்டு, ஷட்டரை இழுத்து மூடிவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறோம். ஆபத்தா?”
– பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்

ஆபத்துதான். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். 24 செல்லிலும் 5 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு வண்டியிலிருந்து மணிக்குச் சுமார் 50 லிட்டர், இரண்டுக்கும் 100. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு தீப்பொறி போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34,000 லிட்டர் காற்று. அதில் 4 சதவீதம் என்பது 1,360 லிட்டர். அது சேர 13 மணி நேரத்துக்கு மேல் ஆகுமே என்று கணக்குப் போட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஹைட்ரஜன் அறை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பேட்டரி இருக்கும் சீட்டுக்கு அடியிலும் கூரைக்கு அடியிலும் போய் முதலில் சேரும். ஆபத்தான அளவு அங்கே சீக்கிரமே வந்துவிடும்.

ஆகவே சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். காற்று உள்ளே வர ஒரு சுவரில் தரையை ஒட்டித் திறப்பு, வெளியே போக எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டித் திறப்பு இருக்கட்டும். சுவிட்சுப் பெட்டியை வண்டிக்கு நேர் மேலே வைக்காதீர்கள். உங்கள் ஊரில் பஞ்சுத் தூசி வேறு. பனியன் கட்டு அடுக்கிய குடோனை விட்டு ஒரு கொட்டகைக்கு மாற்றுவதே நல்லது.

ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏதோ ஒரு செல் கெட்டு, அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம். கரண்டை வெளியிலிருந்து நிறுத்துங்கள். காற்றோட்டம் வரும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

“சார்ஜர் பிளக் கருகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் போட்டிருந்தோம்.”
– கல்லூரிப் பணியாளர், சேலம்

சார்ஜர் பேட்டரிக்குத் தருவது 58 வோல்ட், 20 ஆம்பியர் என்றால் 1,160 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் 1,350 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர். பல சார்ஜர்கள் இதைவிடவும் அதிகமாக இழுக்கும். அதுவும் மணிக்கணக்கில். 6 ஆம்பியர் பாக்ஸ் கருகாமல் என்ன செய்யும்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இருக்கட்டும்.

வண்டிச் சாவியை அணைத்து, முதலில் சார்ஜரை வண்டியில் மாட்டி, பிறகு சுவர் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்ச் முதலில், வண்டிப் பிளக் பிறகு. மாற்றிச் செய்தால் பொறி பறப்பது பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

“சித்திரை வந்தாலே தண்ணி சீக்கிரம் வத்துது, பேட்டரி கொதிக்குது. என்ன பண்றதுங்க?”
– கரூர் வாசகர்

உங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 25 டிகிரிக்கு வைத்த சார்ஜரை 40 டிகிரியில் அப்படியே ஓட்டினால் ஓவர் சார்ஜ்தான். ஒரு டிகிரி கூடினால் செல்லுக்கு 0.005 வோல்ட் குறைக்க வேண்டும். 15 டிகிரிக்கு, 24 செல்லுக்கு 1.8 வோல்ட். 58.8 வோல்ட்டில் வைத்திருந்தால் 57 போதும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் கைவைக்க வேண்டாம். ஓடி வந்த சூட்டோடு பிளக் மாட்டாமல் கொஞ்சம் ஆறவிட்டு ராத்திரியில் போடுங்கள். ஆனால் இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் ஆறப்போட்டால் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். திரவம் 50 டிகிரியைத் தொட்டால் சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

மாதம் ஒரு முறை, முழு சார்ஜுக்குப் பின், தண்ணீர் விடும் முன், 24 செல்லையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். 27 டிகிரியில் 1.265 முதல் 1.280 வரை இருந்தால் நல்லது. 40 டிகிரியில் எடுத்த அளவோடு 0.009 கூட்டிக்கொள்ளுங்கள். செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் எல்லா செல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் கூடுதல் சார்ஜ் (ஈக்வலைசிங் சார்ஜ்) தேவை. அதற்கு 62 முதல் 64 வோல்ட். மணிக்கொரு முறை அளந்து, ஏற்றம் நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு செல் 0.050 தாழ்ந்தே நின்றால் அந்த பேட்டரி தேறாது.

“ஆறில் ஒன்று மட்டும் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாமா? ஜெல் பேட்டரி போட்டால் பழைய சார்ஜர் ஆகுமா?”
– ஈரோடு வாசகர்

மற்ற ஐந்தும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவை என்றால் அதே கம்பெனி, அதே அளவில் ஒன்றை மாற்றலாம். மூன்று வருடம் ஓடியவற்றோடு புதியதைக் கோத்தால் பழையவை முதலில் இறங்கும், புதியது அவற்றோடு சேர்ந்து வீணாகும். மொத்தமாக மாற்றுவதே மலிவு. திரவத்துக்குப் பதில் கூழ் இருக்கும், மூடி திறக்க முடியாத ஜெல் பேட்டரிக்கு, சார்ஜரில் ஜெல் என்று தனி நிலை இருந்தால் மட்டுமே பழையது ஆகும். ஈக்வலைசிங் அதற்குக் கூடவே கூடாது. பொங்கி வெளியேறும் வாயுவின் இடத்தை நிரப்பத் தண்ணீர் விட அதில் வழியில்லை. கழித்த பேட்டரியின் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாமல், பேட்டரியை அப்படியே கடைக்காரரிடம் கொடுத்துப் பழைய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மீது சுமத்தியிருக்கின்றன.