“நீ என்ன சம்பாதிச்சே?” என்று கேட்கிறார் கணவர்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி 23 வருஷம். நான் வந்தபோது கூலிக்கு ஓட்டிய நாலு தறிதான் இருந்தது. என் நகையை அடகு வைத்து, அப்புறம் விற்றுத்தான் சொந்தத் தறி போட்டோம். தறிக்கு நூலைத் தார் சுற்றினேன், தறி ஓட்டுபவர்களுக்குச் சமைத்தேன், படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். இன்று குடோன், வீடு, ஒரு சைட், எல்லாம் அவர் பெயரில். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, 10 லட்சம் வாங்கிக்கொள் என்கிறார். பெரியவர்கள் முன்னால் “நீ என்ன சம்பாதிச்சே?” என்று கேட்டார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். சம்மத மனுவில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். 10 லட்சத்தைவிட அந்த வரிதான் அவருக்கு முக்கியம்.

விவாகரத்தானால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று நம் சட்டத்தில் இல்லை. கோவாவில் தம்பதியர் சொத்துக்குத் தனிச் சட்டம் உண்டு, இங்கே கிடையாது. இங்கே பாதி வேண்டுமென்றால் நிரூபித்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு கை கொடுக்கும். கணவர் சவுதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டு வேலையும் சொத்து சேர்த்ததில் ஒரு பங்களிப்புதான் என்று சொல்லிச் சமபங்கு கொடுத்தார்கள். ஆனால் அங்கே சொத்து மனைவி பெயரில் இருந்தது, வழக்குப் போட்டவர் கணவர். உங்களுக்கு அது தலைகீழ். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். உங்கள் பலம், வீட்டு வேலையோடு தொழிலிலும் உழைத்ததும் நகை போட்டதும். எனவே அடகு ரசீது, நகை விற்ற பில், அந்த மாதங்களின் வங்கிக் கணக்கு, தறி வாங்கிய தேதி, இவற்றை முதலில் தேடுங்கள். நகை விற்ற தேதியும் தறி வாங்கிய தேதியும் ஒட்டி வந்தால் பாதி வாதம் முடிந்தது. அன்று உங்கள் சமையலைச் சாப்பிட்ட தறிக்காரர் ஒருவர் சாட்சி சொன்னாலும் போதும், சொந்தக்காரர் பத்துப் பேரைவிட அவர் சொல் எடுபடும்.

இன்னொரு வழி, இந்து திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம். மொத்தமாகவும் கேட்கலாம், மாதாமாதமும் கேட்கலாம். தேவைப்பட்டால் அந்தத் தொகைக்கு அவருடைய அசையாச் சொத்தை ஈடாக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மாமனார் வழியில் வந்த தோட்டம் ஏதும் இருந்தால் அதில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் அதன் வருமானம் இந்தக் கணக்கில் வரும். ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு, சட்டம் இல்லை. தறிக் குடோன் முதலாளிக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது.

வருமானத்தைக் குறைத்துக் காட்டுவார், அது எதிர்பார்த்ததுதான். 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு, கரண்ட் பில் இவற்றோடு வைத்துப் பார்த்தால் எத்தனை தறி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

அவசரமாகச் செய்ய வேண்டியது, வீடு, குடோன், சைட் மூன்றும் யார் பெயருக்காவது மாறியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போதே கணவர் தன் தம்பி பெயருக்குச் சொத்தை செட்டில்மெண்ட் எழுதி மாற்றுவது நம் பக்கம் புதிதல்ல. அப்படித் தெரிந்தால் விற்கவோ மாற்றவோ கூடாதென்று இடைக்காலத் தடை கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் செலவுக்கும் அதே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் மனு போடலாம்.

ஒருவேளை ஏற்கெனவே அந்தச் சம்மத விவாகரத்தின் முதல் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. திருப்பூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஆதார், கல்யாணப் பத்திரிகை, நகை ரசீதுகளோடு போய் மனு எழுதிக் கொடுங்கள்.