வால்வைத் திறந்தால் கொந்தளிப்பு உடனே கூடுமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் எங்கள் கரும்பு வயலுக்கு 4 அங்குலக் குழாயில் போர்த் தண்ணீர் பாய்கிறது. பாதி திறந்திருக்கும் வால்வை முழுவதும் திறந்தால், நீரின் வேகத்தோடு குழாய்க்குள் உள்ள கொந்தளிப்பும் உடனே கூடிவிடும்தானே? இதைக் கணக்கிட சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார்களே, ஏன்?
– இயந்திரப் பொறியியல் மாணவி, கடலூர் மாவட்டம்

பதில்: உடனே கூடாது. வேகம் முந்திக்கொள்ள, கொந்தளிப்பு, அதாவது நீரின் ஒழுங்கற்ற சுழலாட்டம், பின்தங்கியே வருகிறது. குழாய் நீரில் லேசர் கொண்டு அளந்த ஆய்வாளர்கள் ஹீ, ஜாக்சன் ஆகியோர் 2000இல் இந்தப் பின்னடைவைத் தெளிவாகப் பதிவு செய்தனர். அதன் உள்விவரத்தைக் காட்டியது 2013இல் ஹீ, செட்டிகி இருவரும் வெளியிட்ட கணினிக் கணக்கீடு. அவர்கள் எடுத்துக்கொண்டது இரு தட்டைச் சுவர்களுக்கு இடையிலான ஓட்டத்தை. ஆயினும் குழாயிலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே.

அழுத்தம் திடீரென ஏறும்போது நடுப்பகுதி நீர் முழுவதும் ஒருசேர முன்னே தள்ளப்படுகிறது. சுவரைத் தொடும் நீரோ நகர முடியாததால், வேக மாற்றம் முழுவதும் சுவரோரத்தில் ஒரு மெல்லிய அடுக்கில் அடங்கிவிடுகிறது. பழைய கொந்தளிப்பின்மேல் புதிதாக விரியும் இந்த அடுக்கு, தொடக்கத்தில் வரிச்சீர் ஓட்டம் (சுழலின்றி அடுக்கடுக்காகச் செல்லும் ஓட்டம்) போலவே நடந்துகொள்கிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்த முடிவு. முன்பே இருந்த சுழல்களின் தூண்டுதலால் அந்த அடுக்கில் ஓட்டத்தின் திசையில் நீண்ட வேகக் கீற்றுகள் வளர்கின்றன. அவை ஆங்காங்கே உடைந்து கொந்தளிப்புத் திட்டுகளாகிப் பரவி, ஒன்றோடொன்று சேர்ந்த பிறகே புதிய வேகத்துக்குரிய கொந்தளிப்பு நிறைவு பெறுகிறது. இதற்கிடையில் சுவர் உராய்வு முதலில் வெகுவாக ஏறி, பின் இறங்கி, மீண்டும் ஏறுகிறது. நடுக்குழாய்க்குச் செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

இனி, கணினி. உங்கள் 10 செ.மீ. குழாயில் நீர் வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் (நீரின் உந்துவிசை அதன் பாகுத்தன்மையை எத்தனை மடங்கு மிஞ்சுகிறது என்பதன் அளவுகோல்) 1 லட்சம் அளவில் இருக்கும்; சுவரை ஒட்டிப் பாகுத்தன்மை ஆளும் படலத்தின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே. திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை எந்தத் தோராய மாதிரியும் புகுத்தாமல் நேரடியாகத் தீர்க்க வேண்டுமானால், இந்தப் படலத்துக்குள்ளேயே பல கட்டப்புள்ளிகள் (கணினி விடை காணும் இடங்கள்) அமைய வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 10 மடங்கானால் புள்ளிகள் ஏறத்தாழ 180 மடங்காகும். காலப் படிகளும் சிறுத்துவிடுவதால் மொத்த வேலை ஏறக்குறைய 1,000 மடங்காகிறது. சீரான ஓட்டத்தில் காலச் சராசரி எடுத்தே கொந்தளிப்பின் அளவுகளைப் பெற்றுவிடலாம். முடுகும் ஓட்டத்தில் ஒவ்வொரு கணமும் வேறு என்பதால் அதே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சராசரி காண வேண்டியிருக்கிறது.

சாதாரண மென்பொருள்களில் உள்ள கே–எப்சிலான் போன்ற, கொந்தளிப்பைத் தோராயமாக மதிப்பிடும் மாதிரிகள் மேசைக் கணினியிலேயே விடை தரும். ஆனால் அவற்றில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சுவர்ச் சூத்திரம் (சுவரோர ஓட்டத்தைத் தனியே கணக்கிடாமல் மதிப்பிடும் சூத்திரம்), கொந்தளிப்பு அந்தந்த நேர வேகத்துக்கு ஏற்பச் சமநிலையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. முடுக்கத்தின்போது பொய்ப்பது அந்த எண்ணமே. திரையில் விழும் வண்ணப்படம் அழகாக இருப்பதால் மட்டும் அதை நம்பிவிடாதீர்கள்.

உங்கள் குழாயில் கொந்தளிப்பு சுவரிலிருந்து நடுவுக்குப் பரவச் சுமார் 1 வினாடி ஆகும். கேட் வால்வைக் கையால் சுற்றித் திறக்கப் பல வினாடிகள் பிடிப்பதால் அங்கே இந்தப் பின்னடைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; கால்வட்டத் திருப்பிலேயே திறந்துவிடும் பால் (பந்து) வால்வு என்றால் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும்.