விகிதத்தில் ஹியூஸ், வேறுபாட்டில் கெர்ஷா

கேள்வி: பேஸ்பாலில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) செய்த ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எண்ணிக்கையை, அவர் கொடுத்த வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குச் செல்வது) எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், 2014ஆம் ஆண்டில் மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் ஃபில் ஹியூஸ், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் கிளேட்டன் கெர்ஷாவை முந்துகிறார். அவரையே மேலான பிட்சர் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. அந்தப் பருவத்தில் ஹியூஸ் 186 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 16 வாக் மட்டுமே கொடுத்தார். அதனால் கிடைத்த 11.63 என்ற விகிதம், 1994இல் பிரெட் சேபர்ஹேகன் என்ற பிட்சர் படைத்த சாதனையான 11ஐயும் தாண்டியது. கெர்ஷாவின் கணக்கு 239 ஸ்ட்ரைக் அவுட், 31 வாக்; விகிதம் 7.71. ஆயினும் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக ஹியூஸ் கொடுத்த ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக) 3.52, கெர்ஷா கொடுத்தது 1.77.

கோளாறு வகுத்தலில்தான் இருக்கிறது. வகுக்கும் எண் மிகச் சிறியதாக இருக்கும்போது, அதில் ஏற்படும் சிறு மாற்றமும் விடையைப் பெரிதாக அசைத்துவிடும். ஹியூஸ் இன்னும் நான்கே வாக் கொடுத்திருந்தால் அவருடைய விகிதம் 9.3 ஆகச் சரிந்திருக்கும். பருவம் முழுவதற்கும் நான்கு வாக் என்பது ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்.

ஆகவே இரண்டையும், எதிர்கொண்ட பேட்டர்களின் எண்ணிக்கையில் சதவீதமாக மாற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். ஹியூஸுக்கு ஏறத்தாழ 22இலிருந்து 2 போக 20 மிஞ்சும். கெர்ஷாவுக்கு 32இலிருந்து 4 போக 28. முன்சொன்ன கூடுதல் நான்கு வாக், இந்தக் கணக்கில் அரைப் புள்ளியைத்தான் குறைக்கும்.

ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்று கணக்கிடும் பழைய வழக்கத்தையும் நான் நம்புவதில்லை. ஓர் இன்னிங்ஸில் மூன்று பேரை மட்டும் சந்தித்து மூவரையும் வீழ்த்தியவரும், ஆறு பேரைச் சந்தித்து அவர்களில் மூவரை வீழ்த்தியவரும் அந்தக் கணக்கில் சமமாகிவிடுகிறார்கள். சதவீதத்திலோ முதலாமவர் 100, இரண்டாமவர் 50.

லீக்கையும் காலத்தையும் கவனிக்க வேண்டும். 2014இல் கெர்ஷா ஆடிய நேஷனல் லீக்கில், ஹியூஸ் ஆடிய அமெரிக்கன் லீக்கைப் போலன்றி, பேட்டிங்கில் பொதுவாகப் பலவீனமான பிட்சர்களும் பேட் பிடித்தார்கள் என்பதால், அவருக்குச் சில ஸ்ட்ரைக் அவுட்கள் எளிதாகவே கிடைத்திருக்கும். எட்டுப் புள்ளி இடைவெளியை அது அடைத்துவிடாது. ஆனால் 1980களின் தொடக்கத்து பிட்சரை இன்றைய பிட்சருடன் நேரடியாக ஒப்பிடாதீர்கள். அப்போது ஸ்ட்ரைக் அவுட் சராசரி 13 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அது 22ஐத் தாண்டியிருக்கிறது. அந்தந்த ஆண்டின் சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதையே அங்கு ஒப்பிட வேண்டும்.