துடைக்கத் துடைக்கத் தூசி: இசைத்தட்டுக் கேள்வி பதில்

சோளகம் தொடங்கினால் இசைத்தட்டு வைச்சிருக்கிற ஆக்களிட்டை இருந்து ஒரே முறைப்பாடுதான் வரும்: துடைக்கத் துடைக்கத் தூசி கூடுது. இந்தமுறை வன்னியின்ரை நாலாபக்கத்தாலும் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுறன். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்திலை ஒண்டை மட்டும் எடுத்திருக்கிறன்.

கிளிநொச்சி: அண்ணை, எல்பி தட்டை உறையாலை இழுக்கேக்கையே சடசட எண்டு சத்தம், கைமயிரும் எழும்புது. சாரத்தாலை நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் போடுறன். ஒரு பக்கம் பாடி முடிய முதல் திரும்பப் புழுதி.

முதல் அந்தச் சாரத்தைக் கீழை வையுங்கோ தம்பி. எல்பி தட்டு வைனில், பிவிசி குடும்பம். பெரும்பாலான பொருளோடை உரஞ்சினால் அதிலை இருந்து இலத்திரனை இழுத்துத் தன்னிலை வைச்சுக்கொள்ளும். மின்னைக் கடத்தாத பொருள் எண்டபடியால் சேர்ந்த மின்னேற்றம் ஓடிப்போக வழியில்லை, இதைத்தான் ஸ்ராற்றிக் எண்டு சொல்லுறது. பேந்து பக்கத்திலை பறக்கிற தூசியெல்லாம் அதுக்குத்தான். காய்ஞ்ச துணியாலை துடைக்கிறது தூசியை எடுக்கிற வேலையில்லை, அடுத்த தூசிக்கு அழைப்பு வைக்கிற வேலை. கடதாசி உறைக்குள்ளாலை வேகமாய் இழுக்கிறதும் அப்பிடித்தான். உறையை விரிச்சுப் பிடிச்சு, உரஞ்சாமல் எடுங்கோ.

மாரியிலை இந்தக் கரைச்சல் குறைவு. காத்து ஈரமாய் இருந்தால் தட்டின்ரை மேலை கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பிடிக்கும், ஏற்றம் அதாலை மெல்ல மெல்லக் கசிஞ்சு போகும். சோளகத்திலை காத்தும் காய்ஞ்சிருக்கும், கிரவல் ரோட்டுப் புழுதியும் எழும்பும். மத்தியானத்தை விட்டுப் பொழுதுபட்டாப் பிறகு பாட்டுப் போட்டுப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும். பாடேக்கை மின்விசிறியையும் நிப்பாட்டுங்கோ.

வாங்கிறதெண்டால் ஒரு காபன் பைபர் பிரஷ். அதின்ரை மயிர் மின்னைக் கடத்தும். அதாலை உலோகப் பிடியிலை வெறுங்கை பட வேணும், அப்பத்தான் ஏற்றத்திலை ஒரு பங்காவது உங்கடை உடம்பாலை இறங்கும். தட்டைச் சுத்தவிட்டு, அமத்தாமல், மயிர் நுனி மட்டும் படப் பிடிச்சு, ரெண்டு மூண்டு சுத்துக்குப் பிறகு மெல்ல ஓரத்துக்குச் சரிச்சு வெளியிலை எடுங்கோ. இதை ஒவ்வொருமுறையும் ஊசி வைக்க முதல் செய்யவேணும்.

ஒட்டுசுட்டான்: பொரியிற சத்தம் ஸ்ராற்றிக்கோ, கீறலோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

மணிக்கூட்டைப் பாருங்கோ. எல்பி நிமிசத்துக்கு 33⅓ தரம் சுத்தும். அப்ப ஒரு சுத்துக்கு 1.8 செக்கன். அந்த இடைவெளியிலை தவறாமல் 'டிக்' எண்டால் கீறல்தான், எந்தப் பிரஷ்ஷும் உதவாது. 45 சுத்துச் சின்னத் தட்டெண்டால் 1.3 செக்கன் அளவிலை வரும். ஒருக்கால் இங்கை, ஒருக்கால் அங்கை, அடுத்தமுறை போட வேறை இடத்திலை 'பட்' எண்டு வெடிச்சால் அது ஸ்ராற்றிக். ஒவ்வொருமுறையும் அதே இடங்களிலை மெல்லிய பொரிச்சல் எண்டால் ஊசி ஓடுற வரிக்குள்ளை ஊத்தை இருக்குது, கழுவினால் போகும்.

புதுக்குடியிருப்பு: அப்பா ஒரு காலத்திலை சவுண்ட் சேர்விஸ் நடத்தினவர். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்ட தட்டுகளும் கிடந்தது. 2009இலை இடம்பெயரேக்கை றங்குப்பெட்டியோடை வளவுக்குள்ளை தாட்டுப்போட்டு வந்தனாங்கள். திரும்பி வந்து கிண்டி எடுத்தாப் பிறகும் கனகாலம் அப்பிடியே கிடக்குது. உறையெல்லாம் உக்கிப்போச்சு, தட்டிலை மண். இது இனிப் பாடுமோ?

பாடக்கூடும் அக்கா. அவசரப்பட்டுத் துடைச்சுப் போடாதேங்கோ. காய்ஞ்ச மண்ணுக்குள்ளை இருக்கிற மணல் தட்டைவிடக் கடினம், ஒரு இழுவையிலை பாட்டை அழிச்சுப்போடும்.

முதல் தட்டுகளை ரெண்டு கும்பமாய்ப் பிரியுங்கோ. பாரமாய், வளையாமல், லேபிளிலை 78 எண்டு போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், அதுகளுக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிறது வைனில். பேந்து ஒவ்வொரு லேபிளையும் போனிலை படம் எடுத்து வையுங்கோ. தண்ணி பட்டால் முதல் போறது அதுதான். கழுவேக்கை நடுவிலை ரெண்டு பக்கமும் ரப்பர் வளையம் வைச்ச மூடி ஏதாவது அமத்திப் பிடிச்சால் லேபிள் நனையாது.

முதல் சுத்துக்குத் தண்ணியை மெல்ல ஊத்தி ஓடவிடுங்கோ, மண் தன்பாட்டிலை கழரட்டும். இதுக்குக் கிணத்துத் தண்ணியை வடிச்சு எடுத்தால் காணும். அடுத்தது ஒரு லீற்றர் தண்ணிக்குப் பாத்திரம் கழுவிற லிக்விட் ஒண்டு ரெண்டு துளி. குழந்தைப்பிள்ளையின்ரை பல்லுப் பிரஷ் போல மெல்லிசானது ஒண்டாலை வரி போற பக்கமாய் வட்டமாய்த் தேய்க்கவேணும், குறுக்கை வேண்டாம். கடைசி அலசலுக்குக் கிணத்துத் தண்ணி கூடாது. எங்கடை தண்ணியிலை இருக்கிற கல்சியத்தைக் கேத்தில் அடியிலை பாத்திருப்பியள். அதே வெள்ளைப் படை வரிக்குள்ளையும் காயும். கராச்சிலை பற்றறிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணியை வாங்குங்கோ. வாங்கேக்கை 'அசிட் இல்லை, தண்ணி' எண்டு ரெண்டுதரம் சொல்லிக் கேளுங்கோ, கடையிலை ரெண்டும் ஒரே இறாக்கையிலைதான் இருக்கும்.

அரக்குத் தட்டை ஊறவிடக்கூடாது. கழுவின உடனை பஞ்சுத்துணியாலை ஒத்தி எடுத்துக் காயவிடுங்கோ. எல்லாத்தையும் கோப்பை அடுக்கிற ராக்கையிலை நிப்பாட்டி நிழலிலை காயவைக்கவேணும், வெயிலிலை வைச்சால் வளையும். காய்ஞ்சதைப் பழைய உறைக்குள்ளை திரும்ப வைச்சால் பட்டபாடெல்லாம் வீண்.

இன்னொண்டு. 78க்கு வேறை ஊசி வேணும். எல்பி ஊசியின்ரை முனை 18 மைக்ரோன் அளவு, 78க்கு அதைவிட நாலு மடங்கு. எல்பி ஊசியைப் போட்டால் அது அகலமான வரியின்ரை அடியிலை கிடக்கிற ஊத்தையைத்தான் வாசிக்கும். 'பாடேல்லை' எண்டு தூக்கி எறியிற பழைய தட்டுகளிலை கனக்க இந்தக் கேஸ்தான். அப்பாவின்ரை தட்டை அப்பிடி எறிஞ்சுபோடாதேங்கோ.

வவுனியா: லண்டனிலை இருக்கிற தம்பி ஸ்ராற்றிக் எடுக்கிற துவக்கு ஒண்டு அனுப்பட்டோ எண்டு கேக்கிறான். உண்மையிலை வேலை செய்யுமோ?

செய்யும். சீரோஸ்ராற் எண்டது அந்த வகைதான். பற்றறி தேவையில்லை, அமத்தினால் மின் தாற பளிங்கு உள்ளுக்கை இருக்குது. துவக்கின்ரை விசையை அமத்தேக்கை நேர் அயன் (மின்னேற்றம் உள்ள துணிக்கை) வரும், விடேக்கை மறை அயன் வரும். தட்டுக்கு ஒரு அடி உயரத்திலை பிடிச்சு, மெல்ல அமத்தி மெல்ல விடவேணும். 'டிக்' எண்டு கேட்டால் வேகம் கூடிப்போச்சு. ஊசித்தலைக்குக் கிட்டப் பிடிக்காதேங்கோ. ஆனால் இது ஏற்றத்தை மட்டும்தான் எடுக்கும், இருக்கிற தூசி இருக்கும். தம்பி ஒரு சாமான்தான் அனுப்புவான் எண்டால் நான் துவக்கைக் கேக்கமாட்டன், பொலித்தீன் உள்ளுறை ஒரு கட்டுக் கேப்பன்.

மாங்குளம்: தட்டைத் தூக்க அடியிலை கிடக்கிற பெல்ற் (felt, கம்பளித்துணி) விரிப்பும் சேர்ந்து வருது.

அதுவும் ஸ்ராற்றிக்தான். அந்தக் கம்பளி விரிப்பை எடுத்துப்போட்டு ரப்பர் அல்லது கோர்க் விரிப்புப் போடுங்கோ. பிளேயரிலை இருந்து வாற ஏர்த் வயர் அம்பிளிபயரிலை பூட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ.

முழங்காவில்: தேங்காயெண்ணெய் பூசினால் தட்டுப் புதுசு மாதிரி வருமெண்டு ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் மரப்பசை (பலகை ஒட்டுற பசை) பூசி உரிக்கச் சொல்லுறார்.

எண்ணெய் பூசின அண்டைக்கு மினுங்கும். பேந்து வாற புழுதியெல்லாம் அதிலை ஒட்டிக் களியாகும். மரப்பசை வைனிலிலை சிலருக்குச் சரிவந்திருக்குது, ஆனால் முழுசாய் உரியாமல் ஒரு துண்டு வரிக்குள்ளை நிண்டால் அந்தப் பக்கம் முடிஞ்சுது. அரக்குத் தட்டிலை ரெண்டையும் நினைச்சும் பாக்காதேங்கோ.

மல்லாவி: தகரக் கூரை வீடு, மாரியிலை பூஞ்சணம், கறையானும் விடாது. எங்கை வைக்கிறது?

நிலத்திலும் சுவரிலும் முட்டாத இறாக்கையிலை, நிமித்தி. படுக்கப் போட்டு அடுக்கினால் அடியிலை கிடக்கிறது வளையும். தகரத்துக்கு நேர கீழை உள்ள மேல்தட்டு வேண்டாம், அங்கைதான் வெக்கை கூட. பிவிசி வெளியுறைக்குள்ளை கனகாலம் கிடந்தால் தட்டிலை மங்கல் பிடிக்கும், அதுவும் வேண்டாம். மாரியிலை ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் பெட்டியைத் திறந்து காத்துப்பட விடுங்கோ. பூஞ்சணம் பிடிச்சதை வீட்டுக்குள்ளை தட்டாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு முத்தத்திலை வைச்சுத் தட்டுங்கோ.

பரந்தன்: தட்டெல்லாம் கழுவியாச்சு, சத்தம் இன்னும் மொத்தையாய்க் கேக்குது.

ஊசியைப் பாத்தியளோ? நுனியிலை சாம்பல் நிறத்திலை பஞ்சு மாதிரிக் கட்டியிருக்கும். சின்னப் பிரஷ்ஷாலை பின்பக்கமிருந்து முன்பக்கமாய் மட்டும் இழுங்கோ, தட்டு ஓடுற திசை அதுதான். எதிர்ப்பக்கம் இழுத்தால் ஊசி நிக்கிற தண்டு முறியும். விரலாலை தொடாதேங்கோ. எடுத்த பிறகும் மொத்தையாய்க் கேட்டால் ஊசி தேய்ஞ்சிருக்கும், மாத்தவேணும்.